ஊர் கொடுக்கிற பார்ட்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 23, உயரம் 5 அடி 2 அங்குலம், நல்ல கறுப்பு, டிப்ளமோ முடித்திருக்கிறார். இன்டர்வியூவில் உட்கார்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் கடைசிப் பந்தி வரைக்கும் வாசலிலேயே நின்றுவிட்டு, யாரும் கவனிக்காத நேரம் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறாராம். "நான் இப்படி ஒடுங்கிப்போனதற்கு என் உருவம்தான் காரணமா, இல்லை என் பிறவிக் குணமே இதுதானா? ஒரு ஆளின் தோற்றம் அவன் குணத்தை உருவாக்குமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, உருவம் தானாக எந்தக் குணத்தையும் உண்டாக்குவதில்லை. ஆனால் உங்கள் உருவத்தைப் பார்த்து ஊர் உங்களுக்கு ஒரு பார்ட் கொடுக்கிறது. நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரிப்பார்களே, அந்த மாதிரி. அதைப் பத்துப் பதினைந்து வருஷம் நடித்துவிட்டால், அரிதாரத்தைத் துடைத்த பிறகும் நடை மாறுவதில்லை. என் பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். மன்னார்குடிப் பக்கம் 27 வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன், நடுவில் தபால் வழியில் உளவியலும் படித்தேன். அதனால் ஆராய்ச்சி சொல்வதையும் சொல்வேன், வகுப்பறையில் பார்த்ததையும் சொல்வேன்.

முதலில் குப்பையை ஒதுக்கிவிடலாம். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று ஒரு பழமொழி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். காவிரியையே கமண்டலத்தில் கொண்டுவந்தவர் என்று குறுமுனி அகத்தியரைக் கும்பிடுகிற ஊரில்தான் இதுவும் புழங்குகிறது, யாருக்கும் இடித்ததாகத் தெரியவில்லை. சாமுத்திரிகா லட்சணம் நெற்றி, மூக்கு, காது என்று அளந்து குணம் சொல்லும். வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு ஓலை தேடப் போவார்கள். வெள்ளைக்காரனும் இதில் சளைத்தவன் இல்லை. சூரிச்சில் லாவாட்டர் என்று ஒரு பாதிரியார் 18ஆம் நூற்றாண்டில் முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் கலையைப் பெரிய சாஸ்திரமாகவே பரப்பினார். அவர் சொன்னதை நம்பிய பிட்ஸ்ராய் என்ற கேப்டன், 1831இல் தன் பீகிள் கப்பலில் வர விரும்பிய இளைஞனின் மூக்கைப் பார்த்துவிட்டு, இந்த மூக்கு உள்ளவனுக்கு இவ்வளவு நீண்ட பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று சந்தேகப்பட்டார். அந்த இளைஞன் டார்வின். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1876இல் இத்தாலியில் லோம்ப்ரோசோ, குற்றவாளிகளைத் தாடை, காது அமைப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றார். 1940களில் அமெரிக்காவில் ஷெல்டன் என்பவர் குண்டு, கட்டுமஸ்து, ஒல்லி என்று உடம்பை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவத்தை ஒட்டினார். உடம்புக்கு மார்க் போட்டவரும் அவரே, குணத்துக்கு மார்க் போட்டவரும் அவரே, அப்புறம் இரண்டும் பொருந்தாமல் என்ன செய்யும்? இன்றைக்கு உளவியலில் இதையெல்லாம் யாரும் நம்புவதில்லை.

ஆனால் "உருவத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே கிடையாது, எல்லாம் மனசுதான்" என்று மேடையில் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. அவர்கள் ஒரு தடவை ஆறாம் வகுப்புக்கு வந்து முதல் நாள் வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு யாரையும் தெரியாது, பெயர்கூடத் தெரியாது, 45 முகங்கள். கை தானாக நீண்டது யாரை நோக்கி? கொஞ்சம் உயரமாக, எண்ணெய் வைத்துப் படிய வாரி, கன்னம் உப்பி, வெளுத்த சட்டை போட்டிருந்த பையனை நோக்கி. பல வருஷம் இதைச் செய்திருக்கிறேன், செய்கிறேன் என்றே தெரியாமல். அவன் சாக்பீஸ் எடுத்துவரப் போவான், தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து "சார், சார் கூப்பிடுறாங்க சார்" என்பான், பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதுவான். மார்ச் மாதம் வந்தால் அந்தப் பையன் நிஜமாகவே தலைவன் மாதிரிதான் இருப்பான். நானும் "முதல் நாளே கண்டுபிடித்தேன் பார்" என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

இது என் ஒருவன் குறை இல்லை என்று பிற்பாடு படிக்கும்போது தெரிந்தது. 1973இல் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் பல நூறு பேரிடம் ஒரே மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தார்கள், ஒட்டியிருந்த போட்டோ மட்டும் வேறு வேறு. அழகான குழந்தையின் போட்டோ இருந்தால், இந்தப் பிள்ளைக்கு அறிவு அதிகம், மேலே நன்றாகப் படிக்கும், பெற்றோரும் அக்கறையாக இருப்பார்கள் என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். மார்க் ஒன்றுதான், முகம்தான் மாறியது. அதற்கு முந்தின வருஷம் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 60 மாணவர்களுக்கு மூன்று மூன்று போட்டோ காட்டிக் கேட்டதிலும் இதே கதை. அழகாக இருப்பவர் நல்லவர், நல்ல வேலையில் இருப்பார், சந்தோஷமாக வாழ்வார் என்றார்கள். ஒரு முகத்தைப் பற்றி அபிப்பிராயம் கொள்ள மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று 2006இல் வில்லிஸ், டோடோரோவ் என்று இருவர் அளந்தார்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதற்கு மேல் நேரம் கொடுத்தாலும் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை, உறுதிதான் ஏறியது.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஆண்டுவிழா நாடகம் போடுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். கறுத்து, தடித்து, குரல் கரகரத்த ஒரு பையன் இருந்தான், ஏழாம் வகுப்பிலேயே மீசை அரும்பியவன். அவனுக்கு மூன்று வருஷமும் எமன் வேஷம்தான் கொடுத்தேன், கயிறும் கதையுமாக அவன் மேடையில் ஏறினால் கொட்டகையே அதிரும். நாலாவது வருஷம் ராஜா வேஷக்காரனுக்கு நாடகத்துக்கு ரெண்டு நாள் முன்னால் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. எல்லா வசனமும் மனப்பாடம் ஆனவன் எமன்தான் என்பதால் அவனுக்கே கிரீடத்தை வைத்தேன். நல்ல மென்மையான ராஜா அது, மகனைப் பறிகொடுத்தவன். பையன் ஒத்திகையில் அருமையாகச் செய்தான், எனக்கே தொண்டை அடைத்தது. அன்றைக்கு ராத்திரி அவன் திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் முன்வரிசையில் ஒருத்தர் "எமன் டோய்" என்றார், கூட்டம் சிரித்தது. பையன் ஒரு நிமிஷம் நின்றான். அப்புறம் மகனைப் பறிகொடுத்த ராஜா எமன் குரலில் உறும ஆரம்பித்தார். கைதட்டல் ஓயவில்லை. இறங்கி வந்ததும் "ஏன்டா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "அவங்களுக்கு அதான் சார் வேணும்" என்றான். நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

சரி, கூட்டம் எதிர்பார்ப்பதை ஆள் உண்மையிலேயே செய்துகாட்டுவானா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1977, மறுபடி மினசோட்டாதான், ஸ்னைடர் என்பவரும் கூட இரண்டு பேரும். 51 ஆண்கள், 51 பெண்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, டெலிபோனில் பத்து நிமிஷம் பேச வேண்டும். ஆணிடம் மட்டும் ஒரு போட்டோவைக் கொடுத்து "நீங்கள் பேசப்போகிற பெண் இவர்தான்" என்றார்கள். அது அந்தப் பெண்ணின் படமே இல்லை. சிலருக்கு அழகியின் படம், சிலருக்குச் சுமாரான முகம். பேசியதைப் பதிவு செய்து, ஆண் குரலை நீக்கிவிட்டு, பெண் பேசியதை மட்டும் சம்பந்தமில்லாத வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று நம்பப்பட்ட பெண்கள், அப்படி நம்பப்படுவதே தெரியாமல், கலகலப்பாகவும் தன்னம்பிக்கையோடும் பேசியிருந்தார்கள். காரணம் எதிர்முனையில் இருந்தவன்தான். அழகியோடு பேசுகிறோம் என்று நினைத்தவன் குழைந்து பேசினான், சிரித்தான், இடம் கொடுத்தான், இவளும் மலர்ந்தாள். மற்றவளுக்கு "ம்", "அப்படியா", "சரி". பத்து நிமிஷத்திலேயே இப்படி என்றால், ஒரு பிள்ளைக்கு அப்பாயி, டீச்சர், பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர் என்று எல்லோரும் சேர்ந்து பத்து வருஷம் "ம்", "அப்படியா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

அழகானவன் நல்லவனாகவும் கறுத்துக் குள்ளமானவன் கெட்டவனாகவும் ஆகிவிடுகிறான் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். 1992இல் ஃபைன்கோல்ட் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்தார். பார்க்கிறவர்கள் அழகானவர்களுக்கு வாரி வழங்குகிற குணங்களில் பெரும்பாலானவற்றுக்கும், அவர்களின் நிஜக் குணத்துக்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை. ஒட்டியது எங்கே என்றால் கூச்சம், தனிமை, நாலு பேர் நடுவில் பழகும் லாவகம் ஆகியவற்றில், அதுவும் கொஞ்சமாக. அதாவது அடுத்தவன் கண் எங்கெங்கே படுகிறதோ அங்கே மட்டும் கறை ஏறியிருக்கிறது. நாணயம், இரக்கம், உழைப்பு எல்லாம் தொடப்படாமல் அப்படியே இருக்கின்றன. உங்கள் கேள்வியிலும் பாருங்கள் தம்பி, இன்டர்வியூ, கல்யாண மண்டபம் என்று கூட்டம் இருக்கிற இடங்களைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்புறம், எந்த வயதில் என்பது ரொம்ப முக்கியம். இதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் சித்தப்பா மகனும் நானும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே கூட்டுக் குடும்பம், ஒரே பழையசோறு, ஒரே பள்ளிக்கூடம். எனக்கு 13 வயதில் திடீரென்று உயரம் போட்டது. பெரியவர்கள் என்னை ஆளாக மதிக்க ஆரம்பித்தார்கள். களத்தில் நெல் அளக்கும்போது கணக்கு எழுதச் சொன்னார்கள், மோட்டார் கொட்டகைச் சாவி என் அரைஞாணில் தொங்கியது, ராத்திரி முறைத் தண்ணீர் வைக்க அப்பா என்னைத்தான் எழுப்புவார். அவன் 16 வயது வரை என் தோளுக்குத்தான் இருந்தான். பி.டி. வாத்தியார் உயர வரிசையில் நிறுத்தினால் அவன்தான் முதல் ஆள், கபடியில் யாரும் சேர்க்க மாட்டார்கள். அதனால் அவன் வாயால் பிழைத்தான். எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவான், தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்வான், அடுத்தவன் தொடங்குவதற்கு முன்னாலேயே. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும், யாரும் அவனிடம் ஒரு பொறுப்பையும் கொடுக்க மாட்டார்கள். காலேஜ் போனபிறகு எங்கிருந்தோ வந்தது உயரம். இன்றைக்கு என்னைவிட ஒரு அங்குலம் உசரம் அவன்.

கலிஃபோர்னியாவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மா 1950களில் இதையே எழுதியிருக்கிறார். சீக்கிரம் வளர்ந்த பையன்களும் தாமதமாக வளர்ந்த பையன்களும் பெரியவர்கள் ஆகும்போது உயர வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது, குண வித்தியாசம் சிலவற்றில் மறையவில்லை. முன்னால் வளர்ந்தவர்கள் பொறுப்பானவர்கள், ஆனால் கொஞ்சம் விறைப்பு. பின்னால் வளர்ந்தவர்கள் துறுதுறுப்பு, தன்னைத்தானே புரிந்துகொள்கிற தெளிவும் அவர்களிடம் அதிகம். விறைப்பு என்று படித்ததும் என் வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன், அவர் இது தெரிய அமெரிக்கா வரை போக வேண்டுமா என்று கேட்டார். 2004இல் சில பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டன், அமெரிக்காவின் வெள்ளைக்கார ஆண்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். உயரமானவர்களுக்குச் சம்பளம் கூடுதல் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். இவர்கள் கண்டது, சம்பளத்தோடு ஒட்டிப்போவது இன்றைய உயரம் இல்லை, 16 வயதில் இருந்த உயரம். இன்று இருவரும் ஒரே உயரம் என்றாலும், அன்று உயரமாக இருந்தவருக்குத்தான் கூடுதல். விளையாட்டு, சங்கம் என்று பள்ளிக்கூடத்தில் எதிலெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசத்தில் ஒரு பங்கு இருந்தது. முதலாளி பார்க்கிற உருவத்தைவிட, அந்த வயதில் ஊர் பார்த்த உருவம் பெரிதாக நிற்கிறது.

பெண் பிள்ளைகள் கதை இதற்குத் தலைகீழ், இதை ஆண்கள் அநேகமாக மறந்துவிடுவோம். சீக்கிரம் வளர்ந்த பையனுக்குச் சாவிக்கொத்து கிடைக்கிறது. சீக்கிரம் வளர்ந்த பெண்ணுக்குத் தாவணி கிடைக்கிறது, அதோடு ஆற்றங்கரைப் பக்கம் சைக்கிள் ஓட்டக்கூடாது, வாசலில் நிற்கக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது. ஐந்தாம் வகுப்பில் கொக்கோ ஆட்டத்தில் யாரையும் நிற்கவிடாமல் துரத்திய ஒரு பெண், சடங்கு சுற்றிய இரண்டு மாதத்தில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தோளைக் குறுக்கி நடந்துவந்ததைப் பார்த்தேன். அவள் முதுகு அப்புறம் நிமிரவே இல்லை. சீக்கிரம் பருவமடையும் பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. காரணத்தில் உடம்புக்குள் நடப்பதும் உண்டு, வெளியே பார்க்கிற கண்களும் உண்டு. அழகான பெண்ணாக இருந்தால் எல்லாம் சுகம் என்று நினைக்கிறவர்கள் காரைக்காலுக்குப் போய்வர வேண்டும். மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடுகிற அந்த அம்மையார், கணவன் விலகிப்போன பிறகு, அவனுக்காகச் சுமந்த இந்த அழகும் தசையும் இனி வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கியவர். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்தாலும், அழகான இளம்பெண்ணாக அவரால் தனியாகக் கயிலாயம் வரை நடந்திருக்க முடியுமா? ஊர் கொடுத்த பார்ட் பிடிக்காமல் உடம்பையே கழற்றி வைத்த ஒருவரை நம் டெல்டாவிலேயே வைத்துக் கும்பிடுகிறோம்.

பார்ட் ஊரோடு ஒட்டியது என்பதற்கு இன்னொரு சாட்சி. நெட்டைக் கொக்கு, ஒல்லிப்பிச்சான், சோடாபுட்டி, கட்டையன், கருவாயன் என்று பட்டப்பெயர் இல்லாத ஆளை நம் பக்கம் தேடிப் பிடிக்க வேண்டும். என்னிடம் படித்த ஒருவனைக் கொக்கு என்பார்கள், கழுத்து நீளம், கால் குச்சி, எங்கே நின்றாலும் வளைந்து நிற்பான், பேச்சு வராது. சிங்கப்பூர் போனான். மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் இது புதிதில்லையே. ஏழெட்டு வருஷம் கழித்து எனக்கு வேறு ஒரு வேலையாக அங்கே போக நேர்ந்தபோது அவன் வேலை செய்கிற இடத்துக்கு அழைத்துப்போனான். 60 பேரை மேய்க்கிற சூப்பர்வைசர். முதுகு நேராக நிற்கிறது, குரல் ஓங்கி ஒலிக்கிறது, சீனர்களும் வங்காளதேசத்துப் பையன்களும் அவன் கண்ணைப் பார்த்து வேலை செய்கிறார்கள். அங்கே யாருக்கும் கொக்கைத் தெரியாது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். டீக்கடையில் "வாடா கொக்கு" என்று ஒருத்தர் கூப்பிட்டார். என் கண் முன்னால் அந்த முதுகு வளைந்தது தம்பி.

ஆனால் முழுப் பழியையும் ஊர் மேல் போடுவதும் நியாயமில்லை. சில சமயம் ஊர் சும்மா இருக்கும், நாமே அதன் வாயில் வசனத்தைத் திணிப்போம். 1980இல் க்ளெக், ஸ்ட்ரென்டா என்று இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள், கொஞ்சம் குறும்பானது. சில பெண்களின் முகத்தில் மேக்கப் போட்டுப் பெரிய தழும்பு மாதிரி வரைந்து, கண்ணாடியில் காட்டிவிட்டு, இப்படியே போய் ஒருவரோடு பேசுங்கள், அவர் உங்களை எப்படி நடத்துகிறார் என்று வந்து சொல்லுங்கள் என்றார்கள். கிளம்புவதற்கு முன் "மேக்கப் வெடிக்காமல் இருக்க கொஞ்சம் க்ரீம் தடவுகிறோம்" என்று சொல்லித் தழும்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது தெரியாது. பேசிவிட்டு வந்தவர்கள், அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார், சங்கடப்பட்டார், இரக்கப்பட்டுப் பேசினார் என்று சொன்னார்கள். இல்லாத தழும்புக்கு! எல்லா மனுஷரும் பேசும்போது கண்ணை விலக்குவார்கள், வாட்ச் பார்ப்பார்கள், நெளிவார்கள். தழும்பு மனசில் இருந்தால் அத்தனைக்கும் தழும்புதான் காரணம் என்று கணக்கு எழுதிக்கொள்வோம். மண்டப வாசலில் நிற்கும் உங்களை எத்தனை பேர் நிஜமாகக் கவனிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? முக்கால்வாசிப் பேர் இலை காலியாகிவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லுவோம், பெண் பார்க்கப் போகும்போது "பொண்ணு என்ன நிறம்?" என்றுதான் முதலில் கேட்போம். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் கடைக்கு வந்தது, பெயரிலிருந்து ஃபேரை எடுக்க 2020 ஆனது. சென்னையிலிருந்து 2009இல் கறுப்பும் அழகுதான் என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். குறுவை நடவிலும் சம்பா நடவிலும் வெயிலில் குனிந்து நின்றவர்களின் நிறம் அது, அவர்கள் நட்டதைத்தான் சிவப்பான மாப்பிள்ளையும் சாப்பிடுகிறார். கோபம் வருகிறது, எழுதினால் வேறு பக்கம் போய்விடும். விடுங்கள்.

கொடுத்த பார்ட்டை எல்லோரும் அடக்கமாக வாங்கிக்கொள்வதும் இல்லை. குழந்தை முகம் உள்ளவர்களை அப்பாவி, விவரம் போதாது என்று நினைப்பது உலக வழக்கம். ஆனால் செப்ரோவிட்ஸ் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1998இல் பார்த்தபோது குழந்தை முகப் பையன்கள் படிப்பில் மற்றவர்களைவிட மேலே இருந்தார்கள், வசதி குறைந்த குடும்பத்துப் பையன்களிலோ அதே முகம் கொண்டவர்கள் வம்பு தும்பில் கூடுதலாக மாட்டினார்கள். "என்னையா அப்பாவி என்கிறாய்?" என்பதை ஒருவன் மார்க்கில் காட்டுகிறான், ஒருவன் கைகலப்பில் காட்டுகிறான். உருவம் ஒன்று, ஊர் கொடுத்த பார்ட் ஒன்று, நடித்த விதம் வேறு. அதனால்தான் உருவத்தை வைத்துக் குணத்தை எழுத முடியாது என்று சொல்கிறேன்.

பிறவிக் குணமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதுவும் உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் இருக்கும் சுபாவ வித்தியாசத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வம்சாவழி என்கின்றன. ஹார்வர்டில் ஜெரோம் ககன் நாலு மாதக் குழந்தைகளிடம் புதுப் பொம்மை, புது வாசனை, புதுக் குரல் எல்லாம் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கை காலை உதைத்து அழுதது, அப்படிப்பட்டவர்களில்தான் பின்னாளில் கூச்ச சுபாவிகள் அதிகம். நாலு மாதக் குழந்தைக்கு நீ குள்ளம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. உங்களுடையது எது என்று தெரிய நான் ஒரு வழி வைத்திருக்கிறேன், இது ஆராய்ச்சி முடிவில்லை, என் அனுபவம்தான். முன்பின் தெரியாதவரோடு போனில் பேசும்போது எப்படி இருக்கிறீர்கள்? கேஸ் ஏஜென்சிக்கோ, கூரியர்காரருக்கோ போன் பண்ணி அதட்டிப் பேச முடிகிறதா? போனில் சரளம், நேரில் அடைப்பு என்றால் அது பெரும்பாலும் பார்ட். போனிலும் அதே அடைப்பு என்றால் சுபாவமே அமைதியானது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அமைதியான ஆட்களுக்கு ஏற்ற வேலைகள் ஏராளம்.

பார்ட்தான் என்றால் என்ன செய்யலாம்? கண்ணாடி முன்னால் நின்று "நான் அழகன்" என்று நூறு தடவை சொல்லச் சொல்லமாட்டேன். உயரம் குறைவு என்பது இன்டர்வியூவில் ஒரு இழப்புதான், அதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவது. ஆனால் முகம் பார்த்து வந்த அபிப்பிராயம் ஒன்றும் கல்வெட்டு இல்லை. வேறு தகவல் கிடைக்காத வரைக்கும்தான் அதற்குப் பலம். ஆகவே உள்ளே போனதும் அவர்கள் கேள்விக்குக் காத்திருக்காமல், நீங்கள் கையால் செய்த ஒரு வேலையை, பழுது பார்த்த ஒரு மோட்டாரை, நடத்திய ஒரு பிராஜெக்டை முதல் இரண்டு நிமிஷத்துக்குள் மேசையில் வைத்துவிடுங்கள். இரண்டாவது, உங்களைச் சின்னப் பையனாகப் பார்த்துப் பழகிய கூட்டத்திலிருந்து ஒரு இரண்டு வருஷம் விலகி வேலை பாருங்கள். திருச்சியோ, ஓசூரோ, எங்கேயோ. போன முதல் வாரத்திலேயே குரலைக் கொஞ்சம் ஏற்றிப் பேசிவிட வேண்டும், அங்கேயும் வாசலில் நின்று பழகிவிட்டால் புது ஊரும் அதே பார்ட்டைத்தான் எழுதும். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வரும்போது பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், முதுகு வளையத்தான் பார்க்கும். அப்போது கொக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகனைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. போன ஆவணியில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணம். மேடையில் குடும்பப் போட்டோ எடுக்க எல்லோரும் ஏறினோம். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு அவன், தலையெல்லாம் நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, நேராக முன்னால் போய்க் குட்டிப் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு, "சார், நீங்க உசரமா இருக்கீங்க, பின்னாடி போங்க சார்" என்றார். அவன் திரும்பி, தனக்குப் பின்னால் யாரைச் சொல்கிறார் என்று பார்த்தான்.